நூற்றியொரு ரூபாய் முதலாளி

வடசேரி பஸ் ஸ்டாண்டில் தோவாளை வழி போகும் பஸ் வந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாக ஒரு துண்டு உள்ளே பறக்கும். அது விழுந்த இருக்கை அவனுடையது. ஆனால் அதில் அவன் உட்கார்ந்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை. ஏறியதும் நிற்கிறவர்களை ஒரு சுற்றுப் பார்ப்பான். யாருக்குக் கொடுத்தால் ஆதாயம் என்று மனதுக்குள் ஒரு கணக்கு ஓடும். பிறகு தாலுகா ஆபீஸ்காரரையோ ஜவுளிக்கடைக்காரரையோ கூப்பிட்டு, "ஸாருக்குன்னுதான் பிடிச்சுப் போட்டேன்" என்று துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொள்வான். பக்கத்தில் நிறைமாதக்காரி நின்றுகொண்டிருந்தாலும் அவன் கண்ணுக்குத் தெரியாது.

எனக்கு அப்போது தோவாளை போஸ்டாபீஸில் வேலை. அவன் எங்கள் தெருக்காரன். ஒருநாள் எனக்கும் அந்த இருக்கை கிடைத்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை, வீட்டுக்கு வந்து சொல்லவும் செய்தேன். அடுத்த வாரமே போஸ்டாபீஸ் கவுண்டரில் வந்து நின்றான்.

"யக்கா, இந்தப் பக்கத்துல எந்தெந்த வீட்டு ஆளுவ வெளிநாட்டுல இருக்காவன்னு ஒங்களுக்குத் தெரியாம இருக்காது. ஒரு நாலு பேரச் சொன்னா மதி, அது போதும்."

"எதுக்குல?"

"சும்மாதான். பழக்கம் வச்சுக்கிடலாம்லா."

போடா என்று விரட்டிவிட்டேன். கோபித்துக்கொள்ளவே இல்லை. சிரித்துக்கொண்டே போய், வாசலில் தபால்காரரின் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அவரிடம் பேச ஆரம்பித்தான். யாரிடம் அவமானப்பட்டாலும் அவனுக்கு ஒட்டாது. அந்தத் தோல் எனக்கு இருந்திருந்தால் நான் போஸ்ட்மாஸ்டர் ஜெனரலாகியிருப்பேன்.

இப்போது அவன் எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. பெங்களூரில் பெரிய ஆளாக இருப்பதாக ஒருவர் சொன்னார், தூத்துக்குடியில் யாரிடமோ அடிவாங்கியதாக இன்னொருவர் சொன்னார். இரண்டையும் நம்புகிறேன்.

தொழில் என்று ஒன்று அவனுக்கு வந்தது யூடியூபில்தான். ராத்திரி பகலாக யாரோ ஒரு கோட்டுப் போட்டவர் பேசுவதைக் காதில் மாட்டிக்கொண்டு திரிந்தான். பிறகு திருநெல்வேலியில் ஒரு ஹோட்டல் ஹாலில் நடந்த ஒருநாள் வகுப்புக்குப் போனான். கைக்காசு இல்லாமல் ரியல் எஸ்டேட் செய்வது எப்படி என்பது பாடம். வகுப்புக்குக் கட்டிய பணம் மச்சானுடையது, போட்டுப்போன ஷூ அண்ணனுடையது. திரும்பி வந்தபோது கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல் இருந்தது. அது மட்டும்தான் அவன் சொந்தமாகச் சம்பாதித்தது.

"நெலத்துல ஹோல்சேல் செய்யப் போறேன்க்கா."

"ஹோல்சேலா? நம்ம பக்கம் பூவத்தான் மூட்டை மூட்டையா விப்பாவ. நெலத்த எந்தத் தராசுல வைப்ப?"

"நெலத்த நான் வாங்கவே மாட்டேன்க்கா. வாங்குகேன்னு பேசி ஒரு வெலையில பிடிச்சுப் போட்டிருவேன். தவணைக்குள்ள அதவிடக் கூடத் தாற பார்ட்டியக் கூட்டிட்டு வருவேன். பத்திரம் அவங்களுக்குள்ள முடிஞ்சிரும். நடுவுல உள்ளது எனக்கு."

"அதுக்குப் பேரு புரோக்கருதானல?"

அவனுக்கு முகம் சுருங்கிவிட்டது. "புரோக்கருக்குக் கமிஷன் இவ்வளவுன்னு ஊருக்கே தெரியும். நமக்கு என்ன கெடைச்சுன்னு ஒருத்தனுக்கும் தெரியாது" என்றான். அதைச் சொல்லும்போது ஒரு மனிதன் இவ்வளவு நிமிர்ந்து நிற்கமுடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

கோட்டுக்காரர் சொல்லிக்கொடுத்த வழியில் ஒரு சிக்கல் இருந்தது. நிலத்துக்காரரிடம் அக்ரிமெண்ட் எழுதவேண்டும், முன்பணம் என்று கொஞ்சமாவது கொடுக்கவேண்டும். அந்தக் கொஞ்சம் அவனிடம் இல்லை. அதற்கு அவனே ஒரு உபாயம் கண்டுபிடித்தான். இந்த ஒன்றை மட்டும் அவன் யாரிடமும் கற்கவில்லை, அதனால் பாராட்டித்தான் ஆகவேண்டும்.

எங்கள் பக்கத்தில் பழைய ஆட்கள் நிலம் பேசினால் அச்சாரம் வாங்குவார்கள். வெற்றிலையில் பாக்கு வைத்து, அதன்மேல் நூற்றியொரு ரூபாய் வைத்து நீட்டவேண்டும். கை நீட்டி வாங்கிவிட்டால் முடிந்தது. பேசிய தவணை தீரும்வரை, இரண்டு பங்கு விலை கொடுக்க ஆள் வந்தாலும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். கையெழுத்து கிடையாது, சாட்சி கிடையாது. அச்சாரம் வாங்கிய மண்ணில் சொந்தக்காரனே கடப்பாரை போடக்கூடாது என்றும் ஒரு வழக்கம் உண்டு. பட்டணத்தில் வளர்ந்த பிள்ளைகள் கேட்டால் சிரிப்பார்கள். அவன் சிரிக்கவில்லை. வாத்தியார், வக்கீல், பேங்க் மேனேஜர் வீட்டுப் பக்கமே போகமாட்டான், அவர்கள் எழுத்து கேட்பார்கள். காதில் கடுக்கன் போட்ட பெரியவர்கள், பேச்சு மாறினால் சோறு இறங்காது என்கிற ஆட்கள், இவர்களைத் தேடித் தேடிப் போனான். வெற்றிலை வாங்குவதற்கு முன்னால் குளித்துவிட்டு விபூதி வேறு பூசிக்கொள்வான். கிறிஸ்தவ வீடு என்றால் விபூதியைத் துடைத்துவிட்டு "தோத்திரம் பாட்டா" என்று நுழைவான்.

மயிலாடியில் ஒரு சிற்பி. பட்டறைக்குப் பின்னால் கிடந்த கொஞ்சம் இடத்தை விற்று, கல் அறுக்கிற மிஷின் ஒன்று வாங்க நினைத்திருந்தார். இவன் போய் வெற்றிலையை நீட்டினான். அடுத்த மாதமே கன்னியாகுமரியில் லாட்ஜ் வைத்திருக்கிற ஒருவர் நல்ல விலை சொல்லிக்கொண்டு நேரில் வந்தார். "வாக்குக் குடுத்தாச்சே" என்று சிற்பி அவருக்கு மோர் கொடுத்து அனுப்பிவிட்டார். இவன் பார்ட்டி தேடினான், தேடினான், கிடைக்கவில்லை. கடைசியில் போன் போட்டு, "பார்ட்டி கை விரிச்சிட்டான் அண்ணாச்சி. அந்த நூத்தியொண்ண நீங்களே வச்சுக்கிடுங்க" என்றானாம். அதற்குள் லாட்ஜ்காரர் வேறு இடம் வாங்கிவிட்டார். சிற்பி பழையபடி உளியும் சுத்தியலுமாக உட்கார்ந்தார். நூற்றியொன்றை விட்டுக்கொடுத்ததை அவன் தெருவில் ஒரு தானம்போலச் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

அவனுக்கு முதல் இல்லை என்று எல்லோரும் சொல்வார்கள். எவ்வளவு பெரிய முதல் வைத்திருந்தான்! ஊரிலுள்ள யோக்கியர்கள் எல்லாரும் அவனுக்கு முதல் போட்டவர்கள்தான்.

பார்ட்டியைக் கூட்டிக்கொண்டு வரும் அழகைப் பார்க்கவேண்டும். ஆடி மாதத்தில் கூட்டிவர மாட்டான். ஆரல்வாய்மொழி கணவாயிலிருந்து வருகிற காற்றில் பார்ட்டியின் வேட்டி நிற்காது, இடமும் பிடிக்காது. மழை பெய்து வயல் பச்சை பிடித்ததும் பார்ட்டியின் காரிலேயே முன்சீட்டில் ஏறி வருவான். எவருடைய தோப்பிலோ எவரையோ ஏற்றி இளநீர் வெட்டச் சொல்லி, "குடியுங்க ஸார், நம்ம தோப்பாக்கும்" என்பான். தோப்புக்காரர் பின்னால் கைகட்டி நிற்பார். இளநீருக்குக் காசு கேட்க அவருக்குக் கூச்சம்.

என் வீட்டுக்காரர் கன்னியாகுமரியில் ஒரு லாட்ஜில் மேனேஜராக இருந்தார். நல்ல உயரம், நல்ல உடம்பு, வாய் ஓயாது. ஒருநாள் காலையில் சட்டைப் பித்தானைப் போடமுடியாமல் கட்டிலில் சரிந்தார். பக்கவாதம். வலது கையும் காலும் போய்விட்டன. பேச்சு ஒவ்வொரு சொல்லாக, நெடுநேரம் கழித்து வரும்.

எங்கள் வீடு ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. ஒரு பக்கம் தங்கசாமி அண்ணாச்சியின் காம்பவுண்டுச் சுவர், மறுபக்கம் இன்னொரு வீட்டுச் சுவர். நடுவில் உள்ள இடைவெளிதான் எங்களுக்கு வழி. குடையை விரித்தால் போகமுடியாது. அவர் நடந்த காலத்தில் அது ஒரு குறையாகவே தெரியவில்லை. இப்போது ஆஸ்பத்திரிக்கோ வேதக்கோயிலுக்கோ போகவேண்டுமென்றால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, ஆட்கள் முன்னும் பின்னுமாகத் தூக்கி, நாற்காலியைச் சாய்த்து ரோட்டுக்குக் கொண்டுபோய் ஆட்டோவில் ஏற்றவேண்டும். அவர் கண்ணை இறுக மூடிக்கொள்வார். ஒருநாள் திரும்பி வந்து கட்டிலில் கிடத்தியபிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"என்னை... ஆளு தூக்கது... பெட்டியில போவும்போது போதும்."

அன்றைக்கு முடிவு செய்தேன். அண்ணாச்சியிடம் சுவரோரமாக நீளத்துக்கு ஒரு துண்டு இடம் விலைக்குக் கேட்கவேண்டும். சுவரைத் தள்ளிக் கட்டினால் ஆட்டோ வாசலுக்கே வந்துவிடும். இரண்டு கையையும் பிடித்து அவரை நான் ஒருத்தியே ஏற்றிவிடுவேன். எனக்கு உலகத்தில் வேறு ஆசை ஒன்றும் இல்லை.

நாற்காலி தூக்க வருகிறவர்களில் அவனும் ஒருவன். கூப்பிடாமலே வருவான். முன்கால்களைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக நடப்பான். சுவரையும் தரையையும் பார்த்துப் பார்த்து அடி வைப்பான். "இங்கனக்குள்ள கொஞ்சம் அகலம் கூடினா மதி, என்னக்கா?" என்று கேட்டான். "ஆமா மக்கா, அண்ணாச்சிகிட்ட கேக்கணும்" என்றேன். எவ்வளவு அக்கறை என்று நினைத்தேன். போகும்போது காப்பி போட்டுக் கொடுத்தேன், அச்சுமுறுக்கு கொடுத்தேன். இன்றைக்கும் அந்த முறுக்கை நினைத்தால் எரிகிறது.

கன்னிப்பூ நெல் அறுவடை முடிந்து அண்ணாச்சிக்கு ஓய்வு கிடைக்கட்டும் என்று காத்திருந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நேராக அவர் வீட்டுக்குப் போனேன். தங்கசாமி அண்ணாச்சி அய்யாவழிக்காரர். அவர்கள் வணங்குமிடமான நிழல்தாங்கலில் பணிவிடைக்கு நிற்கிறவர். பொய் சொல்லி யாரும் கேட்டதில்லை.

"மக்களே, நீ எதுக்கு வந்தேன்னு தெரியும்" என்றார் சிரித்தபடி. "அதான் நேத்தே அச்சாரம் வாங்கியாச்சே."

"யாருகிட்ட அண்ணாச்சி?"

"ஒனக்காகப் பேச வந்தவன்கிட்டதான். அக்கா வீட்டுக்கு வழி வேணும் அண்ணாச்சின்னு கையைப் பிடிச்சான். ஒனக்குத்தானேன்னு கொறைச்ச வெலைக்கு ஒத்துக்கிட்டேன். பொங்கல் வரைக்கும் தவணை."

எனக்கு ஒரு நிமிடம் சந்தோஷமாகக்கூட இருந்தது. நமக்காக முந்திக்கொண்டான் பார் என்று. வீட்டுக்கு வந்தபோது அவன் வாசலில் நின்றுகொண்டிருந்தான், பிளாஸ்டிக் ஃபைலோடு.

"யக்கா, ஒங்க வழிய நான் பிடிச்சுப் போட்டாச்சு" என்றான். பிறகு விலையைச் சொன்னான். அண்ணாச்சி என்னிடம் சொன்ன விலையைப்போல இரண்டு பங்கு.

"லேய், அவரு எனக்குன்னு சொல்லித்தானல கொறைச்சுக் குடுத்தாரு?"

"ஒங்களுக்குத்தானக்கா தாறேன்! வேற ஆளுக்கா குடுக்கேன்? நடுவுல நான் அலைஞ்சது உண்டுல்லா. இதே எடத்த குவைத்துல இருந்து ஒரு பார்ட்டி கேக்காவ. நான்தான் அக்காவுக்கு வேணும்னு நிறுத்தி வச்சிருக்கேன்."

எனக்கு வழி தேவைப்படுகிற அந்தத் துண்டு மண்ணை குவைத்துக்காரன் வாங்கி என்ன செய்வான், காயவைத்து உண்பானா? அதைக் கேட்டேன். அவன் உள்ளே எட்டிப் பார்த்து, "சாருக்கு இப்பம் எப்பிடி இருக்கு?" என்று விசாரித்தான். அந்தக் குரலில் பொய்யே இல்லை. அதுதான் அவனிடம் நான் பயப்படுகிற விஷயம். என் வீட்டுக்காரர்மேல் அவனுக்கு உண்மையான இரக்கம் இருந்தது. இரக்கம் ஒரு பையில், அளவுகோல் ஒரு பையில்.

அண்ணாச்சியிடம் திரும்ப ஓடினேன். நடந்ததைக் கேட்டு அவர் முகம் செத்துப்போயிற்று.

"அச்சாரத்த ரெட்டிச்சுத் திருப்பிக் குடுத்து பேச்ச முறிச்சிருங்க அண்ணாச்சி. அந்த வழக்கமும் உண்டுல்லா?" என்றேன்.

"உண்டு மக்களே. ஆனா நான் இதுவரைக்கும் செய்ததில்ல. அவன் சதிச்சாம்னு நான் வாக்கு மாறினா, அய்யாவுக்க முன்னால போய் நான் எப்பிடி நிப்பேன்? பொங்கல் வரைக்கும் பொறு. பொங்கலுக்கு மறுநாள் நானே கடப்பாரை எடுத்து அந்தச் சுவர இடிச்சுத் தாறேன்."

"இப்பமே கொஞ்சம் இடிச்சுத் தரப்பிடாதா? வெல அப்புறம் பேசலாம்."

"அச்சாரம் வாங்கின மண்ணுல்லா மக்களே."

அவர் அழுதார். எனக்கு இரக்கம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஒரு களவாணிக்குக் கொடுத்த வாக்கை இவ்வளவு சுத்தமாகக் காப்பாற்றுகிற மனிதரை என்ன சொல்லித் திட்டுவது? அவன் தப்பாக ஆளைத் தேர்ந்தெடுத்ததே இல்லை.

வளையலை அடகு வைத்து அவன் கேட்டதைக் கொடுத்துத் தொலைப்போம் என்று நான் இறங்கிவந்தேன். வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் தலையைத் தூக்க முயன்றார். வாய் கோணி, எச்சில் வழிந்தது.

"அவனுக்கு... குடுக்காத."

"பொங்கல் வரைக்கும் எப்பிடி?"

"இருப்பேன்" என்றார்.

அதற்குப்பிறகு அவன் வாரம் ஒருமுறை வந்தான். ஒருமுறை விலையைக் கொஞ்சம் ஏற்றினான், ஒருமுறை கொஞ்சம் இறக்கினான். நடுவே நாற்காலி தூக்கவும் தவறாமல் வந்தான். வேண்டாம் என்று சொல்ல எனக்கு நாக்கு வரை வரும். வேறு ஆள் கிடைக்காத தெருவில் என்ன செய்வது, அவனையே கூப்பிட்டேன். வீட்டுக்காரர் கண்ணை மூடமாட்டார் அப்போது. அவனையே பார்த்துக்கொண்டு போவார். அவன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "சார் எனக்க மேல கோவமா இருக்காவ" என்று சிரிப்பான்.

அவர் சொன்னபடி இருக்கவில்லை. தெருவில் கிறிஸ்துமஸ் ஸ்டார் கட்டத் தொடங்கியபோது பக்கவாதம் இரண்டாவது தடவை வந்தது, அன்றைக்கு மத்தியானமே முடிந்துவிட்டது.

பெட்டி அந்த இடைவெளியில் நேராகப் போகவில்லை. போதகர் ரோட்டில் நின்று ஜெபப் புத்தகத்தைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். பாடிக்கொண்டிருந்தவர்கள் பாட்டை நிறுத்தினார்கள். முன்னால் பிடித்திருந்தது அவன்தான். பழக்கப்பட்ட கை அல்லவா. "சரிச்சுப் பிடி, சரிச்சுப் பிடி, ஒரு பக்கம் தூக்கு" என்று சொல்லிச் சொல்லிக் கொண்டுபோனான். பெட்டிக்குள்ளே அவர் ஒரு பக்கமாக உருளும் சத்தம் எனக்குக் கேட்டது. மற்றவர்களுக்கும் கேட்டிருக்கும். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. சுவருக்கு அப்பால் தங்கசாமி அண்ணாச்சி தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

புதுவருஷம் பிறந்து கொஞ்ச நாளில் அவன் வந்தான். ஃபைல் இல்லை. வாசல்படியில் உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுதான். நிஜமாகத்தான் அழுதான், மூக்கு ஒழுகியது. மனது இளகப் பார்த்தது, மறைக்கவில்லை. உள்ளே போய் காப்பி வைத்தேன்.

காப்பியைக் கையில் வாங்கிக்கொண்டு சொன்னான்: "யக்கா, அந்த வழி விஷயம். சாரு போயிட்டாரு, இனி ஒங்களுக்கு வண்டி அத்தியாவசியம் இல்லன்னு எனக்குத் தெரியும். அண்ணாச்சிகிட்ட பேசின அதே வெலைக்கு எடுத்துக்கிடுங்க. எனக்கு நடுவுல ஒரு பைசா வேண்டாம்."

ஒரு கணம் நானும் ஏமாந்தேன். பிறகுதான் இடைவெளி வழியாக எதிர்வீட்டுக்காரி பொங்கலுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருப்பது கண்ணில் பட்டது. இன்னும் நாலைந்து நாளில் அவன் தவணை தீர்கிறது. அந்தத் துண்டு மண்ணுக்கு என்னை விட்டால் உலகத்தில் வேறு பார்ட்டி இல்லை. வாங்க ஆளில்லாமல் ஒரு இடம் கையைவிட்டுப் போனது என்ற பேர் அவனுக்கு ஆகாது. பைசா இல்லாவிட்டாலும் பரவாயில்லை, டீல் முடியவேண்டும். அவர் போனபிறகு வழிக்கு என்ன விலை என்றும் அவன் கணக்குப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறான்.

எனக்குக் கத்தவேண்டும்போல இருந்தது. கத்தவில்லை. அவனுக்குப் பக்கத்திலேயே படியில் உட்கார்ந்தேன்.

"வேண்டாம் மக்கா. இந்த வீட்டுல இருந்து இனி ஒரு பெட்டிதான் போகவேண்டியிருக்கு. அதையும் நீயே முன்னால நின்னு சரிச்சுப் பிடிச்சுக்கோ."

அவனுக்குச் சுடவில்லை. காப்பியைக் கடைசிச் சொட்டுவரை குடித்து, டம்ளரைக் கவிழ்த்து வைத்தான். எழுந்து அந்த இடைவெளியை ஒருதரம் பார்த்தான், என்னையும் ஒருதரம் மேலும் கீழுமாக அளந்து பார்த்தான்.

"அத நான் பாத்துக்கிடுதேன்க்கா" என்றான். "வேற ஆருட்டயும் சொல்லி வச்சிராதீங்க."